தண்ணி கொஞ்சம் உப்புத்தான்

ஓகஸ்ட் 4, திங்கள்

காலை வள்ளத்தில் சீனி இரண்டு மூடை, சவர்க்காரம் ஒரு பெட்டி, கடிதம் ஒன்று. சீனி மூடையில் ஒன்று நனைந்திருந்தது. கடிதம் நனையவில்லை. நனைந்திருக்கலாம்.

நகரத்து அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. இந்தக் கடலிலுள்ள சின்னத் தீவுகளையெல்லாம் புதிதாகப் பட்டியல் போடுகிறார்களாம். தனித் தீவு என்று பெயர் பதிய வேண்டுமானால், அந்தத் தீவுக்கென்று ஒரு பறவை, ஒரு பூ, ஒரு கீதம் இருக்க வேண்டும். செப்ரெம்பர் 15க்குள் இவற்றை அனுப்பாத தீவு, பக்கத்துப் பெரிய தீவின் ஒரு வட்டாரமாகக் கருதப்படும். எங்கள் கண்ணாத்தீவுக்குப் பக்கத்தில் இருப்பது பெருந்துறைத்தீவு. அவர்களுடைய வட்டாரமாகிவிட்டால் பள்ளிக்கூடம் அங்கே போகும். வள்ளச் சேவை போகும். நான் முகாமையாளராக இருக்கும் கூட்டுறவுச் சங்கக்கடையும் போகும்.

பஸ்தியாம்பிள்ளை அண்ணை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அவர்தான் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர். வள்ளத்தை ஓட்டுபவரும் அவர்தான்.

"பறவைக்குக் காகத்தை எழுது. பூவுக்கு எருக்கலையை எழுது. பாட்டுக்கு என்ன செய்யிறது, செயலாளர்?"

செயலாளர் நான். எண்பத்துமூன்று வீடுகள் உள்ள இந்தத் தீவில் யாப்பிலக்கணம் படித்தவன் யார் என்பதை நானே எழுதுவது அழகல்ல.

வீட்டுக்கு வந்து புவனராணியிடம் சொன்னேன். "கீதமோ? நல்லது. உப்பு முடிஞ்சுது, நாளைக்கு மறக்காமல் கொண்டு வாங்கோ" என்றாள். இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தும் என் மனைவிக்கு இப்படியான விடயங்களில் ஈடுபாடு ஏற்படவில்லை. அது அவள் குற்றமல்ல.

ஓகஸ்ட் 6, புதன்

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். தேர்வுக் குழுவில் நான்கு பேர்: தலைவர், கோமளா ரீச்சர், தனிநாயகத்தார், நான். தனிநாயகத்தார் எந்தக் கூட்டத்திலும் எதையாவது ஆட்சேபிப்பவர். அவரைக் குழுவில் போட்டால் குழுவுக்கு வெளியே ஆட்சேபம் குறையும் என்பது தலைவரின் கணிப்பு.

யாரும் எழுதலாம். பெயர் போடக் கூடாது, புனைபெயர் போடலாம். சங்கக்கடையில் வைத்திருக்கும் பிஸ்கட் தகரத்தின் மூடியில் ஒரு வெட்டு வெட்டி வைப்பேன், அதற்குள் போட வேண்டும். இவ்வளவையும் தீர்மானிக்க இரண்டு மணித்தியாலம். கீதம் பாடும்போது எழும்பி நிற்பதா என்பதற்கு இன்னொரு மணித்தியாலம்.

"முழங்கால் நோவுக்காரர் என்ன செய்யிறது?" என்று தனிநாயகத்தார் கேட்டார். அவருக்குத்தான் முழங்கால் நோவு.

ஓகஸ்ட் 7, வியாழன்

செயலாளர் என்ற முறையில் நான் போட்டியில் கலந்துகொள்வது முறையல்ல. எண்பது பக்கக் கொப்பி ஒன்று எடுத்து வந்தேன். வேறு தேவைக்கு.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

பதினான்கு செய்யுள். எதுகை எங்கும் பிசகவில்லை. 'கடலரசன்' என்று புனைபெயர். ஊரில் தகுதியான ஒருவரும் எழுதாமல் விட்டால் தீவின் கதி என்னாவது என்று யோசித்துத்தான் இதற்கு உடன்பட்டேன்.

புவனராணி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "ஆரோ ஒருத்தர் எழுதினதாம், கேளும்" என்று பதினான்கையும் வாசித்தேன். வாசித்து முடிய மீனும் முடிந்தது.

"நல்லா இருக்கு" என்றாள். "நீளமும் நல்லாக் கிடக்கு."

"எழுதினவர் படிச்ச மனிசனாய் இருக்க வேணும், என்ன?"

"ஓம், அது தெரியுது. இஞ்சேருங்கோ, அந்தச் சட்டியை எடுத்துத் தாங்கோ."

குசினிக் கலண்டரில் பழைய தாள்களைக் கிழிக்கப் போனேன். பதினோராம் திகதியைக் காணவில்லை, பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு. அச்சகக்காரரின் கவனயீனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகிறது.

ஓகஸ்ட் 18, திங்கள்

தகரத்தைத் திறந்தோம். ஏழு கடதாசி இருந்தன. ஒன்று சினிமாப் பாட்டு, காதலியின் பெயர் இருந்த இடத்தில் கண்ணாத்தீவு என்று போட்டிருந்தது. ஒன்று ஒரு ஆட்டைப் பற்றியது. ஆட்டின் பெயர் இலட்சுமி. இரண்டு கடதாசிகள் கிணற்றடிச் சீமெந்து உடைந்தது பற்றிய முறைப்பாடு. ஒன்று கல்யாண அழைப்பிதழ். மிச்சம் இரண்டு: கடலரசனுடையது, பிறகு இன்னொன்று.

இன்னொன்று கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. எழுத்து கோணல், இடது கையால் எழுதியது போல. மஞ்சள் கறை, மிளகாய்த்தூள் வாசம். எட்டு வரிதான்:

போன வள்ளம் வரும்வரைக்கும்
விளக்கு வைப்பம் நாங்கள்
வந்த வள்ளம் போகும்வரைக்கும்
சோறு வைப்பம் நாங்கள்
தண்ணி கொஞ்சம் உப்புத்தான்
தந்தால் குடியுங்கோ
சனம் கொஞ்சம் வாய்தான்
இருந்து பாருங்கோ

கோமளா ரீச்சர் வாசித்து முடித்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்தியாம்பிள்ளை அண்ணை மூக்கைச் சிந்தினார். அவருக்குத் தடிமன்.

யாப்பு இல்லை, அணி இல்லை, 'வாய்' என்ற சொல் கீதத்தில் வரலாமா என்பதும் சந்தேகம். இருந்தாலும் ஏழில் இரண்டுதான் பாட்டு என்ற நிலையில், அதையும் வைத்துக்கொள்ள நான் மறுப்புச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 23, சனி

கடலரசனின் பாட்டைக் குழு ஆராய்ந்தது. நான் வரிவரியாக வாசிக்க வேண்டியிருந்தது.

'கடல் அன்னை' என்ற இடத்தில் பஸ்தியாம்பிள்ளை அண்ணை கையை உயர்த்தினார். "இதை எழுதினவர் ஒருநாளும் கடலுக்குப் போகேல்லை. வெட்டு."

'முத்து விளையும்' என்ற இடத்தில் தனிநாயகத்தார், "எங்கை விளைஞ்சது? எனக்கு ஒருத்தரும் காட்டேல்லையே" என்றார். வெட்டு.

'தெங்கு பொலியும்.' தென்னை தெற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, வடக்குப் பக்கத்தார் கோபிப்பார்கள். வெட்டு. 'வீரர் கூட்டம்.' யாரோடு சண்டை என்று ரீச்சர் கேட்டார். வெட்டு. 'செல்வம் கொழிக்கும் திருநாடு' என்றதும் தனிநாயகத்தார் எழும்பியே விட்டார், முழங்காலையும் மறந்து.

"செல்வம் கொழிக்குது எண்டு நாங்களே எழுதிக் குடுத்தால், வாற நிவாரணத்தை நிப்பாட்டிப் போடுவாங்கள்!"

பின்னேரம் நான்கு மணிக்குப் பதினான்கு செய்யுளில் மிஞ்சியது ஒரு வரி: 'எங்கள் தீவு வாழ்க.' அதுவும் மிகைப்படுத்தல் போலத் தெரிகிறது என்று தனிநாயகத்தார் சொன்னதால் ஒரு சொல் சேர்க்கப்பட்டது. இப்போது பாட்டு முழுவதும் இதுதான்:

எங்கள் தீவு வாழ்க, ஓரளவு.

எனக்கு இதில் ஒன்றுமில்லை. நான் செயலாளர்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

பசியில்லை. நேற்றும் இருக்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

வாக்கெடுப்பு. கடதாசியில் எழுதினால் கையெழுத்துத் தெரிந்து சண்டை வரும் என்பதால், தானியத்தால் வாக்களிப்பது என்று முடிவு. கடலரசன் பாட்டுக்குப் பயறு, கலண்டர் பாட்டுக்குக் கடலை. ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய் ஒரு மணியை எடுத்து, துணி கட்டிய பானைக்குள் போட வேண்டும்.

முதல் வரிசையில் நின்ற நாலைந்து பேர் கடலையை வாயில் போட்டுவிட்டார்கள். திரும்ப ஒழுங்குபடுத்த அரை மணித்தியாலம் பிடித்தது.

பானையை எல்லோர் முன்னிலையிலும் பாயில் கொட்டினோம். கடலை நூற்றுப்பதினைந்து. பயறு இரண்டு.

சனம் கைதட்டியது. கோமளா ரீச்சர் அந்தப் பாட்டை ஒரு மெட்டில் பாடத் தொடங்கினார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், பல நாள் பாடிப் பழகியவர்கள் போல. வியப்பாக இருந்தது. பெண்களுக்கு மெட்டுச் சட்டென்று பிடிபடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பயறு இரண்டில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். மற்றது யாருடையது? இந்தத் தீவில் இலக்கியம் அறிந்த இன்னொரு உயிர் இருக்கிறது. அந்த மனிதரைக் கண்டு ஒரு வார்த்தை பேச வேண்டும்.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

அலுவலகத்தின் படிவத்தைப் பார்த்தேன். பாட்டை இயற்றியவரின் பெயரும் கையொப்பமும் கட்டாயம். ஆகவே தேட வேண்டியவர்கள் இரண்டு பேர்: கடலைப் பாட்டை எழுதியவர், பயறு போட்டவர்.

கோமளா ரீச்சரைக் கேட்டேன். எழுதியது தானில்லை என்றார். "அப்ப பயறு போட்டது நீங்களோ?" என்று கேட்டேன். ரீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஐயா, வீட்டில அக்கா சுகமா இருக்கிறாவோ?" என்றார். கேட்டதற்கும் பதிலுக்கும் தொடர்பில்லை. படிப்பித்துக் களைத்திருப்பார்.

தனிநாயகத்தாரையும் கேட்டேன். "நானோ? பயறோ? எனக்கு வாய்வெல்லோ" என்றார்.

செப்ரெம்பர் 6, சனி

கையெழுத்தை வைத்துப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். வியாழக்கிழமை தொடங்கி வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு 'தண்ணி கொஞ்சம் உப்புத்தான்' என்று எழுதுவித்தேன்.

இன்று அந்தக் கடதாசிகளை மேசையில் பரப்பிப் பார்த்தால், எல்லாம் ஒரே கோணல். எல்லோரும் இடது கையால் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூட அதிபர்கூட. ஒவ்வொரு வீட்டிலும் நான் கண்ணாடியைத் துடைக்கும்போதோ தேநீர் குடிக்கும்போதோதான் எழுதி முடித்திருக்கிறார்கள் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

ஒரு தீவு முழுவதும் இடக்கைப் பழக்கம் உள்ளதாக இருப்பது மருத்துவ ரீதியில் முக்கியமான செய்தி. யாருக்கு அறிவிப்பது என்று தெரியவில்லை.

செப்ரெம்பர் 8, திங்கள்

பஸ்தியாம்பிள்ளை அண்ணை கடைக்கு வந்தார். புகையிலை வாங்கிய பிறகும் போகவில்லை.

"எல்லா வீடும் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அண்ணை. எண்பத்திரண்டு."

"வீடு எண்பத்திமூண்டெல்லோ?"

"தவறவிட்ட வீடு எது எண்டு நானும் பாக்கிறன், பிடிபடுகுதில்லை."

அண்ணை புகையிலையைக் கிள்ளி வாயில் வைத்தார். "குலவீரசிங்கம்" என்றார். வழக்கமாகச் செயலாளர் என்றுதான் கூப்பிடுவார். "நல்லா யோசிச்சுப் பார். நீ கதவு தட்டாமல் உள்ளுக்குப் போற வீடு ஏதும் கிடக்கோ?"

அவர் போன பிறகு பட்டியலை மூன்று தரம் பார்த்தேன்.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை. முருங்கைக்காய்க் கறி நன்றாக இருந்தது.

செப்ரெம்பர் 10, புதன்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போய், பட்டியலைப் பூர்த்தி செய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் கடதாசியையும் பேனையையும் புவனராணியிடம் கொடுத்தேன். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து, வலது கையாலேயே எழுதினாள். 'தண்ணி கொஞ்சம் உப்புத்தான்' என்றதோடு நிற்கவில்லை. அடுத்த வரியையும் எழுதினாள். எட்டு வரியும் முடிந்தது. பிறகு, தகரத்தில் போட்ட தாளில் இல்லாத நான்கு வரியையும் எழுதினாள்.

"இது அந்தத் தாளிலை கொள்ளேல்லை" என்றாள்.

நான் அந்த நான்கு வரியையும் வாசித்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இருந்திருக்கும். கண் கலங்கியிருந்தது, அடுப்புப் புகை.

"எப்ப எழுதினீர்?"

"எழுதினது இப்பத்தான். பாடுறது கனகாலமா. கிணத்தடியிலை பொம்பிளையள் எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எத்தினை நாள் முகட்டைப் பாத்துக்கொண்டு எழுதினியள். நான் உலை கொதிக்கிறதுக்குள்ளை எழுதினன். அதை என்னெண்டு சொல்லுறது?"

கறியை இறக்கி வைத்தாள். எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அதற்கு விடை தெரியும் போலவும் இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்ப அண்டைக்கு நீர் போட்டது கடலைதானே?"

"பயறு."

"ஏன்? உம்மடை பாட்டு அங்கை கிடக்க?"

"உங்கடை பாட்டுக்கு ஒண்டே ஒண்டு எண்டு எண்ணியிருந்தால் நீங்கள் ஒரு கிழமைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டியள்" என்றாள். "இருங்கோ, சோறு ஆறுது."

இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

ஒத்திகை. பள்ளிக்கூட ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கினால் எழும்புவதில்லை. பாட்டு முடிந்த பிறகும் 'ஊ' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். திருத்த ஆளில்லை. அது வள்ளத்தின் சங்குச் சத்தம் என்று வைத்துக்கொள்வதாக ஏகமனதாகத் தீர்மானம். தனிநாயகத்தார் ஆட்சேபிக்கவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று எல்லோரும் விசாரித்தோம்.

பெயரைப் போடப் புவனராணி சம்மதிக்கவில்லை. "ஊர்ப்பாட்டு எண்டு போடுங்கோ." படிவம் அப்படி விடாது என்றேன். "அப்ப நீங்கள் எழுதினதெண்டு போடுங்கோ, படிவத்துக்குத் தெரியவே போகுது?" என்றாள், உண்மையாகவே.

உண்மையைச் சொல்வதானால், அப்படிப் போடுவதைப் பற்றி நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று குறிக்க விருப்பமில்லை. பிறகு 'இயற்றியவர்: திருமதி புவனராணி குலவீரசிங்கம்' என்று என் மிகச் சிறந்த கையெழுத்தில் எழுதி, கையொப்பத்துக்கு அவளிடம் நீட்டினேன். தன்னுடைய பெயரை அவள் நெடுநேரம் பார்த்தாள். "பெரிசா எழுதிப்போட்டியள்" என்றாள். கையொப்பம் வைத்தாள்.

செப்ரெம்பர் 13, சனி

படிவம் போய்விட்டது. பஸ்தியாம்பிள்ளை அண்ணை அதைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு வள்ளம் ஓட்டினார்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

நேற்று நகரத்து மைதானத்தில் எல்லாத் தீவுகளின் கீதமும் அரங்கேறியது. எங்களிலிருந்து இருபத்துமூன்று பேர், பள்ளிக்கூட ஆர்மோனியத்தோடு போனோம்.

பெருந்துறைத்தீவின் கீதம் பதினொரு நிமிடம். மேளம், எக்காளம், மின் ஆர்கன் எல்லாம் இருந்தன. கடல் அன்னை ஐந்து இடத்தில் வந்தாள். முத்தும் வந்தது. சனம் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றது. பிரதம விருந்தினருக்கு வேர்த்து ஒழுகியது. அந்தப் பதினான்கு செய்யுள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அந்தக் கணத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது நாங்கள். மைதானம் களைத்துப்போய்த் திரும்ப எழும்பி நின்றது. புவனராணி மூன்றாம் வரிசையில், கோமளா ரீச்சருக்குப் பக்கத்தில். பாட்டு அமைதியாகப் போனது. 'சனம் கொஞ்சம் வாய்தான்' என்ற இடத்தில் சிலர் சிரித்தார்கள். 'இருந்து பாருங்கோ' என்று இருபத்துமூன்று பேரும் ஒன்றாகப் பாடினோம்.

மைதானம் முழுவதும் இருந்துவிட்டது.

பாட்டு தங்களை உட்காரச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். முதலில் முன்வரிசைக் கிழவர்கள், பிறகு பிரதம விருந்தினர், பிறகு பொலிஸ்காரர், கடைசியாக வாத்தியக் குழு. கதிரை இல்லாதவர்கள் நிலத்தில் இருந்தார்கள். ஆயிரம் பேர் ஒன்றாக "அப்பாடா" என்றது எங்களுக்குக் கேட்டது. ஆர்மோனியம் மட்டும் 'ஊ' என்றுகொண்டிருந்தது. கைதட்டல் அதற்குப் பிறகு வந்தது. அது சும்மா கைதட்டல் இல்லை.

பட்டியலை வாசித்தார்கள். கண்ணாத்தீவு, தனித் தீவு, இலக்கம் ஒன்பது. தனிநாயகத்தார் அழுதார்.

அறிவிப்பாளர் படிவத்தைப் பார்த்து, இயற்றியவரை மேடைக்குக் கூப்பிட்டார். புவனராணி வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். பொது இடத்தில் அவள் கையைப் பிடித்தது இதுதான் முதல் தரம். மேடைப் படியில் ஒரு பொடிப் பொலிஸ்காரன் என்னை மறித்தான்.

"நீங்கள் ஆர்?"

செயலாளர், முகாமையாளர் என்று எவ்வளவோ இருந்தன. "நான் இவவின்ரை மனிசன்" என்றேன். விட்டான்.

ஒலிவாங்கியில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"ஊருக்கு வாங்கோ" என்றாள். "தண்ணி கொண்டு வாங்கோ."

ஒக்ரோபர் 1, புதன்

உண்மையாகவே வந்துவிட்டார்கள். நேற்றுக் காலை பெரிய வள்ளத்தில் நாற்பத்தொரு பேர், ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர்ப் போத்தல். பிரதம விருந்தினரின் மாமியாரும் வந்திருந்தார். மத்தியானம் பள்ளிக்கூட மண்டபத்தில் சோறு, மீன்குழம்பு, சொதி. பின்னேரம் திரும்பப் போகப் பார்த்தால் வந்த வள்ளத்தின் இயந்திரம் கிளம்பவில்லை. பஸ்தியாம்பிள்ளை அண்ணை உள்ளே எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார். உதிரிப்பாகம் வர வேண்டுமாம். அவருடைய வள்ளத்தில் கொண்டுபோய் விடலாமே என்று கேட்டதற்கு, "வந்த வள்ளம் நிக்கேக்கை எப்பிடி விடுறது? பாட்டு அப்பிடியெல்லோ" என்றார். வந்தவர்களும் போக அவசரப்படவில்லை. மாமியார் கிணற்றடிப் பெண்களோடு சேர்ந்துவிட்டார்.

ஒக்ரோபர் 4, சனி

ஐந்தாம் நாள். உதிரிப்பாகம் வரவில்லை. சங்கக்கடையில் அரிசி கடைசி மூடை. இன்று காலை அவசரக் கூட்டம்.

தனிநாயகத்தார் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். 'வந்த வள்ளம் போகும்வரைக்கும்' என்பதை 'வந்த வள்ளம் மூன்று நாளைக்கு' என்று மாற்ற வேண்டும். ஓசையும் கெடாது என்று விரலில் எண்ணிக் காட்டினார். உண்மையில் கெடவில்லை. அதை நான் சொல்லவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் புவனராணியைப் பார்த்தேன். கூட்டங்களில் இதுவரை அவள் வாய் திறந்ததில்லை. பின்வரிசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழும்பி நின்றாள்.

"பாடினது பாடினதுதான்" என்றாள். "அரிசி முடிஞ்சால் மரவள்ளி கிடக்கு."

ஆட்சேபம் இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். தனிநாயகத்தார் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, மண்வெட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார்.

கூட்டக் குறிப்பை நாளைக்கு எழுதுகிறேன். மரவள்ளி கிண்டப் போக வேண்டும். இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டாள்.